ஐபி 68 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது: தூசியும் தண்ணீரும் தாங்கும் எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போனோ, கைக்கடிகாரமோ, காதில் மாட்டும் ஹெட்செட்டோ வாங்கப் போனால், பெட்டியின் ஓரத்தில் ‘ஐபி 68’ என்றோ ‘ஐபி எக்ஸ்4’ என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். “தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க” என்று விற்பவர் அதற்கு ஒரு வரியில் விளக்கம் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிக்கும் உண்மைக்கும் இடையில் நிறைய இடைவெளி இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் மில்லுக்கும் தறிக்குடோனுக்கும் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்கும் தோட்டத்துக்கும் போய்வருகிறவர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்கே பெரும்பாலோர் தண்ணீருக்கான இரண்டாம் எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். மழையில் நனையும் நாட்களைவிடப் பஞ்சிலும் மணலிலும் நாரிலும் நிற்கும் நாட்களே இந்த வட்டாரத்தில் அதிகம் என்பதால், முதல் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு எண்களும் எவற்றைக் குறிக்கின்றன?

ஒரு கருவியின் கூட்டுக்குள் வெளியிலிருந்து எவை நுழைய முடியாது என்பதை அவை சொல்கின்றன. முதல் எண் திடப்பொருளுக்கு உரியது; 0 முதல் 6 வரை போகும். இரண்டாம் எண் தண்ணீருக்கு உரியது. 0 முதல் 9 வரை போகும். ஆகவே ஐபி 68 என்பதை ‘அறுபத்தெட்டு’ என்று படிக்கக் கூடாது. ‘தூசிக்கு ஆறு, தண்ணீருக்கு எட்டு’ என்று பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக எண்ணி, 68 பெரிது, 65 சிறிது என்று ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இது செல்போனுக்காக வந்த குறியீடா?

இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட ஐஇசி 60529 என்ற தரநிலையில் இருப்பது இது. இந்தியத் தரநிலையாகவும் அதே எண்ணோடு ஏற்கப்பட்டிருக்கிறது. மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, சுவிட்ச் பலகை போன்றவற்றுக்குத்தான் முதலில் பயன்பட்டது. பம்பும் மோட்டாரும் செய்யும் கோயம்புத்தூருக்கு இது புதிதல்ல. மில்லில் ஓடும் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தால் குதிரைத்திறனுக்கும் வோல்டேஜுக்கும் அருகில் ‘ஐபி 55’ என்று பொறித்திருப்பது பெரும்பாலும் கண்ணில் படும். மோட்டார்களுக்கெனத் தனித் தரநிலை உண்டு என்றாலும் எண்ணின் பொருள் ஒன்றுதான். மோட்டார் ஃபிட்டர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த எண், இப்போது செல்போன் விளம்பரத்துக்கு வந்திருக்கிறது.

முதல் எண்ணில் 5க்கும் 6க்கும் என்ன வேறுபாடு? சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

1 முதல் 4 வரையிலான எண்கள் தூசியைப் பற்றியவையே அல்ல. எவ்வளவு பருமனுள்ள பொருள் உள்ளே போகாது என்பதைச் சொல்பவை. 1 என்றால் 50 மில்லிமீட்டர், 2 என்றால் 12.5 மில்லிமீட்டர், 3 என்றால் 2.5 மில்லிமீட்டர், 4 என்றால் 1 மில்லிமீட்டர் பருமனும் அதற்கு மேலும் உள்ள பொருள்கள் நுழையாது. நான்காம் எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் கம்பியை நுழைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

தூசி என்ற பேச்சு ஐந்தாம் எண்ணில்தான் தொடங்குகிறது. மூடிய ஓர் அறைப்பெட்டிக்குள், அதன் கொள்ளளவில் கன மீட்டருக்கு 2 கிலோ வீதம், டால்கம் பவுடரைப் போட்டுச் சுழற்றிப் பறக்க விடுகிறார்கள். அந்தப் பவுடரும் 75 மைக்ரான் கண் உள்ள சல்லடையில் சலித்ததாக இருக்க வேண்டும். ஒரே பவுடரை இருபது சோதனைகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கூட விதி இருக்கிறது. ஆறாம் எண்ணுக்கான சோதனையில் கருவியின் உள்ளிருக்கும் காற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி, உள்ளழுத்தத்தைக் குறைத்து, தூசியை வலிந்து உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். உறிஞ்சும் வேகத்தைப் பொறுத்து இது 2 மணி நேரம் முதல் 8 மணி நேரம் வரை நடக்கும். பிறகு கூட்டைத் திறந்து பார்க்கும்போது உள்ளே பவுடர் படிந்திருக்கவே கூடாது, அப்போதுதான் 6. சிறிது படிந்திருந்தாலும் கருவியின் இயக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு வராத அளவுதான் என்றால் 5.

பனியன் கம்பெனியில் வேலை. போனுக்கு முதல் எண் 6 இருந்தும் ஸ்பீக்கர் சத்தம் குறைகிறது, சார்ஜர் சரியாகப் பிடிப்பதில்லை. எண் பொய்யா?

எண் பொய்யில்லை. எந்தச் சுவருக்கு அந்த எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். போனின் உள்ளே இருக்கும் மின்பலகையும் பேட்டரியும் மூடிய அறைக்குள் இருக்கின்றன. சார்ஜிங் பின் நுழையும் குழியும், ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றின் வாயிலில் உள்ள வலையும் அந்த அறைக்கு வெளியே, தெருத் திண்ணை மாதிரி திறந்து கிடக்கின்றன. திண்ணையில் குப்பை சேர்ந்தாலும் வீட்டுக்குள் வரவில்லை என்பதுதான் ஆறாம் எண்ணின் கூற்று.

அந்தக் குப்பையும் இங்கே ஊருக்கு ஊர் மாறும். திருப்பூர் பனியன் கம்பெனியிலும், சோமனூர், பல்லடம் தறிக்குடோன்களிலும் பறப்பது பஞ்சு இழை. அது பவுடர் மாதிரி உருண்டு வெளியே விழாது. சார்ஜரைச் செருகும்போதெல்லாம் குழியின் அடியில் அழுந்தி அழுந்தி, நாளடைவில் கெட்டியான ஒரு மெத்தையாகிவிடும். அதற்கு மேல் பின் முழு ஆழத்துக்கு இறங்காது. ‘சார்ஜிங் போர்டு போய்விட்டது’ என்று கடைக்கு வரும் போன்களில் சிலவற்றில், மரப் பல்குச்சியின் நுனியால் மெதுவாக நெம்பினால் சாம்பல் நிறத்தில் பஞ்சுத் துண்டு ஒன்று முழுதாக வெளியே வரும். அதோடு போனும் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். இதைச் செய்யுமுன் போனை அணைத்துவிட வேண்டும். குண்டூசியும் சேஃப்டி பின்னும் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் தங்க முலாம் பூசிய பின்கள் ஒரே கீறலில் கெடும்.

பவுண்டரிக்காரர்களின் சிக்கல் வேறு. மோல்டிங் மணலோடு கிரைண்டிங்கில் பறக்கும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத் துகள் அதன் வலையில் வந்து அப்பிக்கொள்ளும்; தட்டினாலும் ஊதினாலும் போகாது. காற்றுக் குழாயை வைத்து அடிப்பது இன்னும் மோசம், துகள் வலையைத் தாண்டி உட்பக்கம் போய்விடும். ஒட்டும் தன்மையுள்ள டேப்பை வலைமேல் லேசாக ஒற்றி எடுப்பதுதான் ஓரளவு பயன் தரும்.

பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களின் தென்னை நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. குழிக்குள் தங்கினால் அங்கே எப்போதும் ஒரு கசிவு ஈரம் இருந்துகொண்டே இருக்கும். ஈரோட்டு மஞ்சள் மண்டியின் பொடியும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடும்போது கிளம்பும் பாறைத் தூளும் மிக நுண்ணியவை. இவற்றுக்குத்தான் டால்கம் பவுடர் சோதனை ஓரளவு நெருங்கி வருகிறது. பாறைத் தூள் கடினமானது என்பதால் திரையையும் கேமராக் கண்ணாடியையும் கீறும், அதைப் பற்றி ஐபி எண் எதுவும் சொல்வதில்லை.

மடக்கு போன்களுக்கும் இதே எண்கள்தானா?

முறை அதே, ஆனால் முதல் எண்ணைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டியது இங்கேதான். 2021இல் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 3க்கு ஐபி எக்ஸ்8 என்று தண்ணீருக்கு மட்டுமே எண் இருந்தது. 2024இல் வந்த ஃபோல்டு 6க்கு ஐபி 48. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் நுழையாது. தூசிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2025இல் கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்டு ஐபி 68 பெற்று வந்திருக்கிறது. கீல் உள்ள இடத்தில் துகள் சிக்கினால் உள்திரைக்கு ஆபத்து என்பதால், தறிக்குடோனிலும் அரவை மில்லிலும் நாள் முழுக்க நிற்பவர்கள் முதல் எண் 4 உள்ள மடக்கு போனை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாம் எண்ணின் படிகள் எவை?

1, 2 என்றால் மேலிருந்து சொட்டும் நீர். 3 என்றால் சாய்வாக விழும் தூறல். 4 என்றால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெறிக்கும் நீர். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பாய்ச்சும் நீர். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீர். இவ்விரண்டையும் இரண்டரை முதல் மூன்று மீட்டர் தொலைவிலிருந்து, குறைந்தது மூன்று நிமிடம் அடித்துப் பார்க்கிறார்கள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடப்பது. 8 என்றால் அதைவிடக் கடுமையாக மூழ்குவது. 9 என்றால் 80 டிகிரி வெந்நீரை மிக அருகிலிருந்து உயர் அழுத்தத்தில் பீய்ச்சுவது.

எட்டு என்றால் எத்தனை மீட்டர் ஆழம்?

தரநிலையில் அதற்கு எண் கிடையாது. ஏழைவிடக் கடுமையாக இருக்க வேண்டும், மற்றபடி தயாரிப்பாளர் சொல்வதுதான் அளவு. ஐபோன் 12 முதல் ஆப்பிள் தரும் அளவு 6 மீட்டர், 30 நிமிடம். சாம்சங் கேலக்ஸி எஸ் 24க்குச் சொல்லப்படுவது 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டுமே ஐபி 68தான். ஆகவே பெட்டியில் எட்டைப் பார்த்ததோடு நிற்காமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஆழத்தையும் நேரத்தையும் படிக்க வேண்டும். அங்கே எதுவும் எழுதப்படவில்லை என்றால் அந்த எட்டுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

ஐபி 68 இருந்தால் 65, 66 எல்லாம் அதில் அடங்கிவிடுமா?

அடங்காது. இதுதான் பலருக்கும் வியப்பளிக்கும் விஷயம். ஆறு வரைக்கும் மேல் எண் கீழ் எண்களை உள்ளடக்கும். ஏழும் எட்டும் வேறு வகை: அசையாத நீரில் மூழ்கிக் கிடக்கும் சோதனை. நாலா பக்கமும் சமமாக அழுத்தும் நீரைத் தாங்கும் கேஸ்கட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்), ஒரே இடத்தில் வேகமாக வந்து மோதும் நீரைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டையும் சோதித்தவர்கள் ‘ஐபி 66/ஐபி 68’ என்று இரண்டு எண்களையும் எழுதுகிறார்கள். 2024 ஜூனில் இந்தியாவில் வந்த ஓப்போ எஃப் 27 புரோ பிளஸ் 66, 68, 69 ஆகிய மூன்றையும் போட்டுக்கொண்டு வந்தது.

வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைக் கழுவ விடும்போது ஹேண்டில்பாரில் மாட்டிய போனைக் கழற்றாமல் விடுபவர்கள் உண்டு. 68 மட்டுமே உள்ள போனுக்கு அந்தப் பீய்ச்சல் சோதிக்கப்படாத ஒன்று.

எக்ஸ் என்று எழுதியிருந்தால் சுழியம் என்று பொருளா?

இல்லை. அந்தச் சோதனை செய்யப்படவில்லை, அல்லது முடிவு அறிவிக்கப்படவில்லை என்று பொருள். வாங்குபவர் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

கொடிவேரியிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ குளிக்கும்போது போனை உள்ளே கொண்டுபோகலாமா?

வேண்டாம். காரணம் மூன்று.

கொடிவேரி அணையிலும் கோவைக் குற்றாலத்திலும் மேலிருந்து விழுவது வேகமுள்ள நீர். மூழ்கும் சோதனையில் தேறிய போனுக்கு அந்த அடி சோதிக்கப்படவில்லை என்று முன்பே பார்த்தோம். வாய்க்காலிலும் தண்ணீர் நிற்பதில்லை, இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

அடுத்து, சோதனையில் பயன்படுத்துவது சுத்தமான நன்னீர். ஆற்று நீரில் மணலும் வண்டலும் இருக்கும்.

மூன்றாவது காரணம் அவ்வளவாக யாரும் பேசாதது. சோதனையின்போது கருவியின் வெப்பத்துக்கும் தண்ணீரின் வெப்பத்துக்கும் வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. சித்திரை வெயிலில், வண்டியின் முன்புறத்தில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டு கோபிசெட்டிபாளையம் வரை வந்த போன் 45 டிகிரிக்குச் சூடேறியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரித் தண்ணீரில் முக்கினால் உள்ளே அடைபட்ட காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கும். மாறாத கொள்ளளவுக்குக் கணக்குப் போட்டால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். அறுபது சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்தில் மூழ்கியதற்கு அது நிகர். கேஸ்கட்டில் நுண்ணிய இடைவெளி ஒன்று இருந்தால் போதும், போனே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படியில் நின்று முழங்கால் ஆழத்தில் நழுவவிட்ட போன் கெட்டுப்போனது எப்படி என்று கேட்பவர்களுக்கு, இது ஒரு சாத்தியமான விடை.

சோப்பு நீர், உப்பு நீர், சாய நீர், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு இந்த எண் பொருந்துமா?

பொருந்தாது. சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். சாதாரண நீர் நுழையத் தயங்கும் நுண்வலைக்குள் சோப்பு நீர் எளிதில் நுழையும். பூச்சிமருந்துக் கரைசலில் இலையில் படர்வதற்காகச் சேர்க்கும் பொருளும் இதே வேலையைத்தான் செய்யும் என்பதால், தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது போனைச் சட்டைப் பையில் வைப்பது இருவகையில் தவறு. சாயப்பட்டறையின் நீராவியும் அப்படியே. துளிக்கான வலை, ஆவியைத் தடுப்பதற்கு உரியதன்று, சூடு ஒட்டுப்பசையையும் இளக்கும்.

நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரும் கவனிக்கத் தக்கது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நனைந்த போனுக்கும், உப்புக் கலந்த போர் தண்ணீரில் நனைந்த போனுக்கும் பின்விளைவு ஒன்றல்ல. காய்ந்த பிறகு வெள்ளையாகப் படியும் உப்பு, சார்ஜிங் பின்களின் இடையில் தங்கி அடுத்த ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும்.

வாங்கிய நாளில் இருந்த தாங்குதிறன் எத்தனை ஆண்டு இருக்கும்?

யாரும் ஆண்டுக் கணக்குச் சொல்வதில்லை. சோதனைக்கு எடுக்கும் கருவி புதிதாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. ஆகவே எண்ணும் புதிய கருவியைப் பற்றியது. ரப்பர் வளையம் கெட்டிப்படும், பசை வெயிலில் இளகி மீண்டும் இறுகும், ஒருமுறை கீழே விழுந்ததில் சட்டகம் மயிரிழை வளைந்திருக்கும். பேட்டரி சற்று உப்பினாலும் பின்மூடியின் ஒட்டு விலகும். இந்தத் தாங்குதிறன் நிரந்தரமானதன்று, தேய்மானத்தில் குறையும் என்று தயாரிப்பாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

திரை மாற்றியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. போனைச் சுற்றி ஓடும் ஒட்டுப்பட்டை, திறந்தவுடன் கிழிந்துவிடும். அந்த மாடலுக்கென்று வெட்டிய புதிய பட்டையை வைத்து ஒட்டி, அழுத்தம் கொடுத்து, காற்றுக் கசிவும் சோதிக்கும் இடத்தில்தான் பழைய நிலைக்கு நெருங்க முடியும். டியூப் பசையைச் சுற்றித் தடவி ரப்பர் பேண்டு போட்டுத் தரும் வேலையில் திரை நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தாங்கல் மட்டும் போயிற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அந்தக் கூலிக்கு அதுதான் வேலை. ‘ஐபி பழையபடி இருக்குமா?’ என்று முன்கூட்டியே கேட்டால் நேர்மையான மெக்கானிக் இருக்காது என்றே சொல்வார்.

போன் நனைந்துவிட்டால் அரிசிக்குள் போடலாமா?

வேண்டாம். அரிசி காற்றோட்டத்தைத் தடுக்கும். தவிட்டுத் தூளும் குறுநொய்யும் குழிக்குள் ஏறும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளின் உதவிப் பக்கத்தில் எழுதியிருப்பது 2024இல் செய்தியாகவே வந்தது. போனை அணைத்து, சார்ஜிங் குழி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான நிழலில் வைத்துவிட வேண்டும். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையரும் வெயிலும் பசையைக் கெடுக்கும்.

மிக முக்கியமானது: குழி ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. ஈரத்தின் ஊடாக மின்சாரம் பாய்ந்தால் பின்கள் சில மணி நேரத்தில் பச்சை பூத்து அரித்துவிடும். உப்பு நீரிலோ வாய்க்காலிலோ விழுந்திருந்தால், தாங்குதிறன் உள்ள போனை மட்டும், நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுக் காயவைப்பது நல்லது.

கைக்கடிகாரத்தில் ‘5 ஏடிஎம்’, ‘50 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே?

அது வேறு முறை. கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 22810 தரநிலையைச் சேர்ந்தது. பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் (ஏடிஎம்) என்ற கணக்கில், ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். ஐம்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கிணற்றில் நீந்தலாம், மேட்டிலிருந்து குதிப்பது வேண்டாம். மூழ்கி வேலை செய்பவர்களுக்கான கடிகாரத்துக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனித் தரநிலை இருக்கிறது. வெறும் ஐபி 68 மட்டும் உள்ள கடிகாரத்தை நீச்சலுக்குரியது என்று எண்ண வேண்டாம்.

ஐபி எக்ஸ்4 ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஓடலாமா?

ஓடலாம். வியர்வையில் உப்பு இருப்பதால் வந்ததும் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு பெட்டிக்குள் வைக்காதீர்கள். பல மாடல்களில் எண் காதுக் குமிழுக்கு மட்டும்தான், சார்ஜ் பெட்டிக்கு இல்லை.

வெளிப்புறக் கேமராவும் விளக்கும் ஐபி 66, 67 என்று வாங்கினோம். ஒரே மழையில் போய்விட்டது. ஏன்?

கேமராவைக் கழற்றுமுன் ஒயர் இணைப்பைப் பாருங்கள். கேமராவின் வாலாகத் தொங்கும் ஒயரின் நுனியில் இருக்கும் பவர் ஜாக்கும் நெட்வொர்க் ஜாக்கும் அந்த எண்ணுக்கு உட்பட்டவை அல்ல. அவற்றை ஒரு மூடிய ஜங்ஷன் பெட்டிக்குள் வைக்காமல் சுவரோரம் தொங்கவிட்டிருப்பார்கள். ஒயர் வழியாகவே நீர் இறங்கும். ஒயரை நேராகப் பெட்டிக்குள் விடாமல் சற்றுத் தொங்கலாக வளைத்து, அந்த வளைவு பெட்டியின் துளையைவிடக் கீழே இருக்கும்படி அமைத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் பொருத்துபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். கொட்டகையின் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு செம்பு இணைப்புகளை அரிக்கும். வாயு அரிப்பை ஐபி சோதனை தொடுவதே இல்லை.

‘மில் ஸ்டாண்டர்டு 810’ என்று போட்டிருப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கே ‘மில்’ என்பது மிலிட்டரியின் சுருக்கம்; அது அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பு. விழுதல், அதிர்வு, வெப்பம் போன்ற பல சோதனைகளில் எவற்றைச் செய்தார்கள் என்று சொல்லாவிட்டால் வெறும் பெயரால் பயனில்லை.

பெட்டியில் இருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இதற்கான சான்றா?

இல்லை. செல்போனுக்கான பிஐஎஸ் கட்டாயப் பதிவு மின் பாதுகாப்பைப் பற்றியது. பெயரே கேள்விப்படாத நிறுவனம் நானூறு ரூபாய் ஸ்பீக்கரில் ஐபி 67 என்று அச்சிட்டிருந்தால், அதை யார் சோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேட்பதில் தவறில்லை. பதில் வராது என்பது எங்கள் ஊகம்.

அப்படியானால் எந்த வேலைக்கு எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

தூசி பறக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு முதல் எண் 6 வேண்டும். இரண்டாம் எண் 4 அல்லது 5 இருந்தாலே மழைக்குப் போதும். சார்ஜிங் குழிக்கு ரப்பர் மூடி உள்ள உறை வாங்குவது, 68க்காகக் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுப்பதைவிட அவர்களுக்குப் பயன் தரும். ஒயர் இல்லாமல் சார்ஜ் ஆகும் போன் என்றால் குழிக்கு வேலையே குறைந்துவிடும். பண்ணைக் கழுவல், வாட்டர் சர்வீஸ் போன்ற இடங்களில் இருப்பவர்கள் 66 அல்லது 69 சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலக வேலைக்குப் போய்வருபவர்கள் இதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஐபி 68 போனில் தண்ணீர் புகுந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் வாரண்டி இல்லை என்கிறார்கள். இது நியாயமா?

பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டியில் திரவத்தால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. பல போன்களில் சிம் தட்டு நுழையும் இடத்தில் ஒரு சிறு ஒட்டி இருக்கும். நீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகும். சர்வீஸ் சென்டரில் விளக்கடித்துப் பார்ப்பது அதைத்தான். விளம்பரத்தில் தண்ணீருக்குள் போனைக் காட்டுவதும், வாரண்டித் தாளில் தண்ணீர் பட்டால் பொறுப்பில்லை என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற கேள்வி மற்ற நாடுகளில் வழக்காகவே வந்திருக்கிறது. 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இந்தக் காரணத்துக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்துவதுபோல் விளம்பரம் செய்து, ஈரத்தோடு சார்ஜ் போட்டால் குழி அரிக்கும் என்பதை உணர்த்தாததே குற்றம்.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தொட்டுப் பேசுகிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், வழக்குத் தொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வாங்கிய பில், பெட்டி, சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட் ஆகியவற்றோடு, வாங்கிய காலத்தில் வந்த விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய மாடல் வந்ததும் பழைய விளம்பரம் இணையத்திலிருந்து மறைந்துவிடும். ஆணையத்தில் முதலில் கேட்கப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.